பம்ப் அண்ணனுக்கு, குளம் தம்பிக்கு

ஏப்ரல் 11, வெள்ளி

நீச்சல் குளத்தை மீட்டெடுக்கப் போகிறேன். காரணம்: கொசு.

வடவள்ளியில் வீட்டோடு நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். அதில் தவளை வளர்ப்பவன் நான் ஒருவன்தான். ஆறு வருடத்து மழைத்தண்ணீர், பச்சை நிறத்தில், ஒருவித கர்வத்தோடு நிற்கிறது. இன்று டெங்கு ஆய்வுக்கு வந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க படிச்சவங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மின்வேதியியலில் முனைவர் பட்டம். சொல்லவில்லை.

அவர் போனபின் என் மனைவி சாந்தாமணி தோசை வார்த்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரரைத் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர். ஜனவரியில் வந்த பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. தரையில் கால் ஊன்ற முடியாதவர்கள் தண்ணீரில் நடந்து பழகலாமாம். முதல் ஆறு மாதத்துக்குள் வருவதுதான் வரும், அப்புறம் கடினமாம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓட்டல் குளத்துக்கு மூன்று நாள் கூட்டிப் போனார்களாம். மருந்து நெடியில் இருமல், உடம்பெல்லாம் தடிப்பு. நிறுத்திவிட்டார்கள்.

"பாவமுங்க, அக்கா அழுகறாங்க" என்றாள்.

நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று இந்தக் குறிப்பேட்டில் ஆறு வருடமாக வருபவர் தெய்வசிகாமணி. என் கூடப்பிறந்த அண்ணன். எனக்கும் அவர் காலுக்கும் சம்பந்தமில்லை. கொசுத்தொல்லை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு வேலையை நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

பிளீச்சிங் பவுடர் கிடையாது. உப்பு! குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட வேண்டியது. பம்ப் தள்ளும் தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு குழாய்த்துண்டு. அதற்குள் டைட்டானியம் தகடுகள். மின்சாரம் பாய்ந்தால் உப்பிலிருந்து குளோரின் பிறக்கும். அது கிருமியைக் கொன்றுவிட்டு மறுபடி உப்பாகவே ஆகிவிடும். உப்பு தீர்வதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது. இருபத்தாறு வருடம் குளோரின் ஆலையில் நான் கட்டி மேய்த்த வேதிவினை இதேதான். அங்கே லாரி நீளத்துக்கு இருந்தது இங்கே முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது.

உப்புநீர்க் குளத்தில் குளோரினே இல்லை என்று சில அரைகுறைகள் எழுதுகின்றன. இருக்கிறது. ஆனால் அளவாக, விடாமல், சொட்டுச் சொட்டாகப் பிறக்கிறது. வாளியில் கரைத்துக் கொட்டும்போது வருகிற நெடி இல்லை, கண் எரியாது, தோல் தடிக்காது.

கொசுவுக்கும் இதுதான் நல்லது.

தகடுகளின் மேல் ஒரு கறுப்புப் பூச்சு உண்டு. அந்தப் பூச்சை ஆயுள் நீளும்படி மாற்றியமைத்தது நான். விருது வாங்கியது என் மேலதிகாரி. அந்த ஆளின் பெயரை எழுத மாட்டேன், பேனா மைக்கும் ஒரு மரியாதை உண்டு. இன்று சென்னை வியாபாரிக்குப் போன் செய்து கருவிக்குச் சொல்லிவிட்டேன். பூச்சைப் பற்றிப் பதினாறு கேள்விகள் கேட்டேன். "சார், நீங்க வாங்கறீங்களா, விக்கறீங்களா?" என்றார் அவர்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. தவளைகளை வெளியேற்றினேன்.

ஏப்ரல் 16, புதன்

குளம் காலி. அடியில் சேறு, இரண்டு பிளாஸ்டிக் குடம், பக்கத்து வீட்டு மாமரத்து இலைகள் (அதிலும் அவர்கள் பங்கு).

பிளம்பர் காஜா பாய் வந்தார். பதினான்கு வருடத்துக்கு முன் இந்தக் குளத்துக்குக் குழாய் போட்டவர் அவர்தான். இப்போது தாடி நரைத்துவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு மதில்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பம்ப் ரூம் எங்கீங்க சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க பாய். அந்தப் பக்கம்."

"உறிஞ்சற பைப்பு அக்கட்ட போகுது. தள்ளற பைப்பு அக்கட்ட இருந்து வருது. மாப்பிள்ளை ஒரு மண்டபத்துல, பொண்ணு ஒரு மண்டபத்துல. எப்படீங்க கல்யாணம் பண்றது?"

"எம்பக்கமே புது பம்ப் வெச்சுட்டா?"

"வெக்கலாம். குளத்தச் சுத்தி டைல்ஸையெல்லாம் ஒடச்சு, பைப்பெல்லாம் தோண்டி எடுக்கோணும். ரெண்டு மாசம் ஆகும். சரீங்களா?"

ஏப்ரல், மே, ஜூன். ஜூலை நடுவில் ஆறு மாதம் முடிகிறது. இரண்டு மாதம் சரிப்படாது. மழைக்காலத்துக்குள் கொசுவை ஒழித்தாக வேண்டும்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். குளம் கட்டியது நாங்கள் இருவரும் சேர்ந்து. அவர் மோட்டார் பம்ப் தயாரிக்கும் பட்டறைக்காரர், பத்தாவதோடு நின்றவர். நான் படித்தவன். சொத்தில் பாகம் பிரித்தபோது சர்வேயர் இழுத்த கோடு குளத்துக்கும் பம்ப் அறைக்கும் நடுவில் போயிற்று. கோட்டை ஏழடி தள்ளிப் போட்டிருக்கலாம். பங்காளிகள் பதினெட்டுப் பேர் முன்னால் அவர் சொன்னார்: "பம்ப் எங்கிட்டயே இருக்கட்டும். அவன் படிச்சவன், அவனுக்குப் பம்பப் பத்தி என்ன தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். அன்றோடு பேச்சு நின்றது. குளத்தைப் பார்த்தபடி பம்ப் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. மதில் எழும்பிய வாரமே என் பக்கத்திலிருந்து அதன்மேல் தகரம் அடித்தேன். இருபத்துநாலு ஆணி.

ஏப்ரல் 17, வியாழன்

முறைப்படி கடிதம் எழுதினேன். "மேற்படி பம்ப் அறையினுள் தொழில்நுட்பக் காரணங்களுக்காக நுழைய அனுமதி கோரி." பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். தபால் நிலையத்தில் இருந்த பெண் அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவு எண் 14, கதவு எண் 14ஏ.

"சார், இது பக்கத்து..."

"ஆமாம்" என்றேன்.

ஏப்ரல் 19, சனி

பகல் பன்னிரண்டுக்குத் தபால்காரர் 14ஏ வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்து அண்ணியின் தலை மதிலுக்கு மேலே தெரிந்தது. நாற்காலி போட்டு ஏறியிருக்க வேண்டும்.

"ஏனுங் தம்பி, உள்ள வர்றதுக்கு எதுக்குங்க ரிஜிஸ்தர் தபாலு? கூப்புட்டாக் கேக்காதா?"

"ஆவணம் இருக்கணும் அண்ணி."

"இந்தாங்க ஆவணம்" என்று என் கடிதத்தையே திருப்பி நீட்டினார். கூடவே ஒரு சாவி, ஒரு தூக்குப்போசி. போசியில் கம்பு தோசைக்கு மாவு. "சாந்தாகிட்டக் குடுங்க, நேத்துக் கேட்டா."

நேற்றுக் கேட்டாளா? அவர்கள் பேசிக்கொள்கிறார்களா? எத்தனை வருடமாக?

கடிதத்தின் பின்புறம் பென்சிலால் ஒரே எழுத்து: வா.

அண்ணன் எப்போதும் சுருக்கம்தான். எழுத்து ஒரு பக்கம் சரிந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினதுபோல் இருக்கிறது. இங்கே ஒட்டியிருக்கிறேன், சான்றுக்காக.

ஏப்ரல் 20, ஞாயிறு

போகவில்லை. தலைவலி.

ஏப்ரல் 21, திங்கள்

போகவில்லை. வெயில் அதிகம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காஜா பாய் வீட்டுக்குள் வந்து மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு, "நான் போறனுங்க, நீங்க வர்றதுன்னா வாங்க" என்று கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். என் கேட்டிலிருந்து அவர்கள் கேட்டுக்கு நாற்பது தப்படி. வீட்டைச் சுற்றிக்கொண்டு பம்ப் அறைக்கு இன்னும் எழுபது. வழியில் முன்னறை ஜன்னலுக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

பம்ப் செத்திருக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆறு வருடம் ஓடாத பம்ப் துருப்பிடித்து, உள்ளே கவ்விக்கொண்டு, கல்லாகியிருக்கும். புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட்டு, "உங்களிடம் இருந்த பம்பின் கதி இதுதான்" என்று காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

காஜா பாய் மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, விசிறியில் விரல் வைத்து ஒரு சுண்டு சுண்டினார். அது பாட்டுக்குச் சுழன்றது. சத்தமே இல்லை. மறுபடி சுண்டினார். சுழன்றது.

"சார்" என்றார். அவருக்குக் கேலி வரவில்லை. "இத யாரோ கையில சுத்திக்கிட்டே இருந்திருக்காங்க. கிரீஸு புதுசு பாருங்க."

டார்ச்சைச் சுவரில் அடித்தார். சுண்ணாம்புச் சுவர் முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. தலை உயரத்தில் தொடங்கி வரிசை வரிசையாக.

வாசலில் அண்ணி நின்றிருந்தார். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்துருவாருங்க தம்பி. வாரத்துக்கு ஒருக்கா கையில சுத்தி வுடலீன்னா புடிச்சுக்குமாமா. என்னைக்காச்சும் வேணும்பான், அப்பப் பம்ப் ஓடோணும்னு சொல்லுவாரு."

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"நீங்க தகரம் அடிச்சிருந்தீங்களே."

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். பயங்கரக் கோபம். இப்படி ஒரு காரியத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஆறு வருடம் செய்வதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

ஏப்ரல் 23, புதன்

காலையில் தனியாகப் போய் எண்ணினேன். குறுக்குக் கோட்டையும் சேர்த்து, திடமாக இழுத்த கோடுகள் இருநூற்று எண்பத்தேழு. அப்புறம் ஏழு கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஆறு. இந்த ஆறும் இடுப்பு உயரத்தில், கோணல்மாணலாக, இடப்பக்கம் சாய்ந்து. அறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது.

கடிதத்தை எடுத்து "வா"வைப் பார்த்தேன். அதே சாய்வு.

ஏப்ரல் 24, வியாழன்

தகரத்தைக் கழற்றிவிட்டேன். வேலைக்கு வெளிச்சம் வேண்டும். இருபத்துநாலு ஆணியும் லேசில் வரவில்லை, கைவிரலில் கட்டு.

குளத்துப் படியில் கைப்பிடி வைக்க ஸ்டீல் வேலை செய்பவரை வரச் சொன்னேன். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. இறங்கும்போது இடப்பக்கம் வரும்படி வைக்கச் சொன்னேன், பார்வைக்கு நன்றாக இருக்கும்.

"உங்களுக்கு எப்பங்க முழங்கால் வலி வந்துச்சு?" என்றாள் சாந்தாமணி.

"ரொம்ப நாளா."

"எடப்பக்கம் வெச்சா ஏறும்போது எதைப் புடிக்கறது? அப்ப எடது கை அந்தப் பக்கமல்ல வரும்?"

இதை நான் யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லிவிட்டேன். சமச்சீருக்காக.

ஏப்ரல் 29, செவ்வாய்

கருவி வந்துவிட்டது!

பெட்டியை உணவு மேசைமேல் வைத்துப் பிரித்தேன். சாந்தாமணி சாம்பார்ச் சட்டியோடு நின்றுகொண்டே இருந்தாள். ஒளி புகும் குழாய்க்குள் ஒன்பது தகடுகள், சீப்புப் பற்கள்போல. ஒன்றை ஒன்று தொடாமல், மயிரிழை பிசகாமல். கறுப்புப் பூச்சைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நல்ல பூச்சு. என்னுடையதைவிடக் கொஞ்சம் நல்ல பூச்சு. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. அந்த மேலதிகாரியின் பழைய பூச்சைவிட எவ்வளவோ மேல்.

கையில் வைத்துக்கொண்டே தூங்கியிருப்பேன். "அதுக்கும் ஒரு தலகாணி போடட்டுங்களா?" என்றாள்.

மே 2, வெள்ளி

குளம் நிரம்பிவிட்டது. மூன்று நாள் ஆழ்துளைத் தண்ணீர். இன்று பம்பை ஓட்டினோம்.

காஜா பாய் சுவிட்சைப் போட்டார். ஒரு முக்கல், ஒரு தும்மல், அப்புறம் சீராக ஒரு முனகல். குளத்துச் சுவரில் இருக்கும் நான்கு துளையிலும் தண்ணீர் பீறிட்டு வந்தது. நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ஜன்னல் வழியே பம்ப் அறைக்குள் பார்த்தால், ஸ்டூலில் அண்ணா உட்கார்ந்திருந்தார்.

எப்போது வந்தார் என்று தெரியாது. இளைத்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. வலது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல. இடது உள்ளங்கையை மோட்டாரின் முதுகில் வைத்து, கண்ணை மூடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து காஜா பாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் உப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

கல் உப்பு, அயோடின் கலக்காதது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் போடும் கடையில் வாங்கியது. காஜா பாயும் சாந்தாமணியும் நானும் நாலு பக்கமும் நடந்து தூவினோம். துடைப்பத்தால் தள்ளித் தள்ளிக் கரைத்தோம். சாந்தாமணி புடவையைச் செருகிக்கொண்டு படியில் இறங்கித் தள்ளினாள். கல்யாணமான புதிதில் போல ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலே அண்ணியின் தலை. "கொழம்புக்கு இவ்வளவு போதுங்களா தம்பி?"

உப்பு முழுக்கக் கரைந்து கலக்க இரண்டு நாள் விட வேண்டும். இரண்டு நாள் எப்படிப் போகும்?

மே 4, ஞாயிறு

அவமானம். வெற்றி. இந்த வரிசையில்.

காலை எட்டு மணிக்கு நானும் காஜா பாயும் கருவியைக் குழாயில் பொருத்தினோம். அண்ணா ஸ்டூலில். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவர் அறை. தகடுகள் இருக்கும் குழாய்த்துண்டுக்குச் செல் என்று பெயர்; காஜா பாய் அந்தச் செல்லை ஒரு பக்கமாகப் பிடித்தார். நான் வாங்கித் திருப்பிப் பிடித்தேன்.

"சார், அம்பு..."

"நான் பார்த்துக்கறேன் பாய். எழுத்தெல்லாம் தலைகீழா இருந்தா எப்படிப் படிக்கிறது?"

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு. தண்ணீர் ஓட்டம் இல்லை என்கிறது கருவி. ஆனால் பம்ப் ஓடுகிறது, குளத்தில் தண்ணீர் பீறிடுகிறது. அணைத்தேன், போட்டேன். சிவப்பு. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மின்னழுத்தம் சரி. உப்பு சரி. ஒயர் சரி. சென்னைக்குப் போன் செய்து வியாபாரியிடம் முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். பழுதான சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்றேன், நுகர்வோர் நீதிமன்றம் என்றேன். பதினொன்றரை ஆகிவிட்டது. காஜா பாய் டீ குடிக்கப் போய்விட்டார்.

பின்னால் "டக், டக்" என்று சத்தம். அண்ணா கைத்தடியை நீட்டி அந்தக் குழாய்த்துண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். உடைத்துவிடுவாரோ என்று பயந்து நடுவில் கையை வைத்தேன். தடி என் கையை ஒதுக்கியது. மறுபடி அதே இடம். டக், டக், டக்.

"என்ன?" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

அவர் முகம் முழுக்க இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை எங்கோ ஆழத்தில் இருந்தது, அவர் அதைக் கிணற்றுத் தண்ணீரை இறைப்பதுபோல மேலே இழுத்தார்.

"தி... ருப்... பு."

தடியின் நுனி இருந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். குழாயின்மேல் விரல்நீள அம்புக்குறி, செதுக்கி, கறுப்பு மை பூசி. தண்ணீர் போகும் திசைக்கு நேரெதிரே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சின்ன நாக்கு தண்ணீர் தள்ளினால் ஒரு பக்கமாக மட்டும் சாயும்; அது சாய்ந்தால்தான் ஓட்டம் இருக்கிறது என்று கருவி நம்பும். நான் அதைத் தண்ணீருக்கு முதுகு காட்டி மாட்டியிருக்கிறேன். எழுத்துகள் நேராக இருக்கட்டும் என்று.

அண்ணி வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "டாக்டர் பட்டத்துல அம்பு போட்ட பாடம் இல்லீங்களாட்டிருக்குது" என்றார், வெங்காயத்திடம்.

பம்பை நிறுத்தி, இரண்டு மரைகளையும் கழற்றி, செல்லைத் திருப்பி மாட்டினேன். எழுத்துகள் தலைகீழாக நின்றன. சுவிட்சைப் போட்டேன்.

பச்சை!

தகடுகளுக்கு நடுவிலிருந்து நூல் நூலாக, பால் போல, நுரை எழும்பியது. இருபத்தாறு வருடம் இரும்புத் தொட்டிக்குள் நடந்தது, நான் காகிதத்தில் மட்டும் கணக்குப் போட்டது, இன்று கண்முன்னே நடந்தது. நான் தரையிலேயே மண்டியிட்டுவிட்டேன். அண்ணாவும் ஸ்டூலிலிருந்து முன்னால் சாய்ந்து, நுரையைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

"அது குளோரின் இல்லீங்ணா. ஹைட்ரஜன். குளோரின் அந்தப் பக்கத்துத் தகட்டுல, கண்ணுக்குத் தெரியாது, பொறந்த உடனே தண்ணில கரஞ்சுரும்" என்று ஆரம்பித்து, எலெக்ட்ரான் வரைக்கும் போய்விட்டேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. காஜா பாய் டீயோடு வந்து நின்று கேட்டுவிட்டு, "அவரு ஓட முடியாதுன்னு தெரிஞ்சு கிளாஸ் எடுக்கறீங்களே சார்" என்றார்.

அண்ணா சிரித்தார். ஒரு பக்கத்து வாயால்தான். தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவனுக்குப் பம்பப் பத்தி என்ன தெரியும்? அந்தப் பதினெட்டுப் பேரும் இன்று இங்கே இருந்திருக்கலாம்.

மே 6, செவ்வாய்

சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுப் பார்த்தேன். குளோரின் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. தண்ணீர் அடிவரை தெரிகிறது; நேற்றுத் தவறவிட்ட ஐந்து ரூபாய்க் காசில் சிங்கம் தெரிகிறது. என் முழங்கையை அரை மணி நேரம் முக்கி வைத்தேன். தடிப்பு இல்லை. வாசனை இல்லை. சாந்தாமணியின் கையையும் முக்கி வைத்தேன்.

ஒரு பாதுகாப்புப் பிரச்சினை கண்ணில் பட்டிருக்கிறது. கருவியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. கசிந்து அறைக்குள் சேர்ந்தால் ஆபத்து. ஜன்னல் போதாது. காற்றோட்டத்துக்கு என் பக்கத்துச் சுவரில் ஒரு திறப்பு வேண்டும். கணக்குப் போட்டேன்: மூன்றரை அடி அகலம், ஏழடி உயரம், தரையிலிருந்து.

"அதுக்குப் பேரு கதவுங்க சார்" என்றார் காஜா பாய்.

"காற்றோட்டத் திறப்பு."

"சரீங்க. காத்து நடந்து வர்றதுக்குச் சறுக்கலாப் பூசி வுடட்டுங்களா, படி வெக்கட்டுங்களா?"

"சறுக்கலா. வழுக்காத ஓடு போடுங்க."

சுவர் அண்ணாவுடையது. இடிக்க அனுமதி கேட்க வேண்டும். தபால் நிலையம் வரை போய் அலையாமல், ஜன்னலில் நின்றுகொண்டே கேட்டுவிட்டேன்.

மே 9, வெள்ளி

இடித்தாயிற்று. நாள் முழுக்கத் தும்மல்.

ஸ்டூலிலிருந்து குளத்தின் முதல் படிக்கு இப்போது பதினொரு தப்படி. கேட்டைச் சுற்றி வந்தால் நூற்றைம்பதுக்கு மேல்.

மே 11, ஞாயிறு

காலை ஏழு மணி. தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி. தெளிவு.

பத்து நாளாகச் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். "குளம் சும்மாதான் கிடக்கிறது, உங்களுக்குப் பயன்பட்டால் ஆட்சேபணை இல்லை." சொல்ல நேரமில்லை. நான் பம்பைப் போடப் போனபோதே அண்ணா அரைக்கால் சட்டையும் துண்டுமாகத் திறப்பில் நின்றிருந்தார். அண்ணி ஒரு பக்கம், சாந்தாமணி ஒரு பக்கம். சதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை.

இடது கையால் கைப்பிடியைப் பற்றினார். நான் முந்தியே தண்ணீரில் இறங்கி வலப்பக்கம் நின்றேன். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் வலது கால் மடங்கியது, முழுப் பாரமும் என் தோளுக்கு வந்தது. தூக்குவதற்கு ஒன்றுமில்லாமல் இளைத்திருந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் பாரம் குறைந்தது. மார்புக்கு வந்ததும் இல்லாமலே போயிற்று. அவர் நின்றார். யாரும் பிடிக்காமல் நின்றார்.

அண்ணி கரையில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

நான்கு தப்படி நடந்தார். வலது கால் தண்ணீருக்கடியில் தாமதமாக, மிதந்து மிதந்து வந்தது, ஆனால் வந்தது. நின்று, நாக்கால் உதட்டை நக்கிப் பார்த்தார்.

"உப்... பே... இல்ல."

"லிட்டருக்கு மூன்றரை கிராம்தானுங்ணா! கடல்ல முப்பத்தஞ்சு. நாக்குக்குத் தெரியாது. தெரிஞ்சா அது தப்பான கலவை. கையேட்டுல..."

"மூர்த்தி" என்றார்.

என் பெயர் ஒரு பிசிறில்லாமல் வந்தது.

"நட."

நடந்தோம். குளத்தின் நீளம் பத்து மீட்டர். போய் வந்தோம்.

மே 16, வெள்ளி

தடிப்பு இல்லை. இருமல் இல்லை. ஆறு சுற்று.

மே 23, வெள்ளி

கருவியில் உப்பு குறைவு என்று காட்டியது. தகட்டில் சுண்ணாம்பு படிந்திருந்தது; நம் ஆழ்துளைத் தண்ணீர் அப்படி. நீர்த்த அமிலத்தில் கழுவி மாட்டினேன். அம்புக்குறியை நான் பார்க்கும் முன் தடி அங்கே வந்து தட்டியது. இனி வாழ்நாள் முழுக்கத் தட்டுவார். பன்னிரண்டு சுற்று.

அந்த மேலதிகாரிக்கு இன்னொரு விருதாம். செய்தித்தாளில் படம். அந்தத் தாளைத்தான் தகடு கழுவும்போது அடியில் விரித்திருந்தேன், கழுவி முடிக்கும் வரை கவனிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலை மழை தூறல். தண்ணீர் தோலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. பதினெட்டுச் சுற்று. கடைசி மூன்றில் நான் கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் வந்தேன், தொடவில்லை.

துவட்டிக்கொண்டு பம்ப் அறையில் உட்கார்ந்தோம். பம்ப் இப்போது தினமும் ஓடுகிறது, கையால் சுற்ற வேண்டியதில்லை. ஆனாலும் அண்ணா ஜன்னல் மேடையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். இடது கையில்தான் எடுத்தார். வெள்ளிக்கிழமை, பழக்கம் என்று நினைத்தேன். அதை வலது கையின் விரல்களுக்கு நடுவில், ஒவ்வொரு விரலாக மடக்கிச் செருகினார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கிச் சுவரில் வைத்தார். பிறகு இடது கையை எடுத்துவிட்டார்.

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

கை கீழே விழவில்லை. சுவரோடு நடுங்கிக்கொண்டே ஒட்டியிருந்தது. அப்புறம், செல்லுக்குள் நுரை எழும்பும் வேகத்தில், மேலே நகர்ந்தது. சாக்பீஸ் உடைந்து விழுந்தது. வெள்ளையாக ஒரு கோடு.

ஸ்கேல் எடுத்து வந்து அளந்தேன். நாலு சென்டிமீட்டர்.

"நாலுதானா?" என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நாலரைன்னே வெச்சுக்கலாங்ணா" என்றேன்.

ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்க வேண்டும்.